சென்னை பால்கனியில் லிப்ஸ்டிக் பாம் வளர்க்கத் தொடங்குவோருக்கு

செக்கச்சிவந்த தண்டுகளோடு நிற்கும் அந்தப் பனையை ஏதேனும் ஒரு ஹோட்டல் வாசலிலோ சிங்கப்பூர் சென்றுவந்த உறவினரின் புகைப்படத்திலோ பார்த்துவிட்டு, நம் வீட்டுத் தொட்டியிலும் ஒன்று இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டவராக நீங்கள் இருந்தால், செடி வாங்குவதற்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள். நர்சரிகளில் லிப்ஸ்டிக் பாம், ரெட் வாக்ஸ் பாம் என்றெல்லாம் அழைக்கப்படும் இதன் தாவரவியல் பெயர் சிர்ட்டோஸ்டாக்கிஸ் ரெண்டா. தென் தாய்லாந்து, மலாய் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ ஆகிய இடங்களின் தாழ்நிலச் சதுப்புக் காடுகளே இதன் சொந்த ஊர். இலைமக்கு ஊறிக் கறுத்த அமில நீரில் வேர் நனைய நிற்கும் மரம் இது.

நான் வாங்கிய முதல் செடி ஏழு மாதங்களில் செத்தது. "தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் தாங்கும், வற்ற மட்டும் விடாதீர்கள்" என்று விற்றவர் சொன்னதை நம்பி, தொட்டியின் அடித்தட்டில் ஒரு நாளும் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டேன். ஆனாலும் இலை நுனிகள் கருகின. பிறகு மட்டைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. கடைசியில் குருத்தைப் பிடித்து இழுத்தபோது அது கையோடு வந்துவிட்டது. நான் ஊற்றிய தண்ணீரின் அளவில் குறையே இல்லை. ஊற்றியது ஆழ்துளைக் கிணற்று நீர் என்பதுதான் குறை. இப்போது பால்கனியில் நிற்கும் இரண்டாவது செடிக்கு மூன்று வயது கடந்துவிட்டது. கீழே உள்ளவை அதை வளர்த்து அறிந்த வழிமுறைகள்.

1. முதலில் உங்கள் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள்

செடியைத் தேடிப் போவதற்கு முன் இணையத்திலோ அக்வாரியக் கடையிலோ கிடைக்கும் பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி) ஒன்றை வாங்குங்கள். எனக்கு 250 ரூபாய் ஆயிற்று. இந்தச் செடிக்காக நான் செய்ததிலேயே மிகவும் பயன்பட்ட செலவு இதுதான். வீட்டில் கிடைக்கும் எல்லா வகைத் தண்ணீரையும் தனித்தனி டம்ளரில் பிடித்து அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடியிருப்பின் போர் தண்ணீர் 1,400 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கு நீரில் இத்தனை பங்கு உப்பு) மேல் காட்டியது, மெட்ரோ வாட்டர் 300 அளவில் இருந்தது, ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியே விடும் நீரோ 2,000த்தைத் தாண்டியது. இந்தக் கழிவுநீரை வீணாக்காமல் செடிகளுக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. செம்பருத்திக்கும் அரளிக்கும் அது ஒத்துப்போகலாம், இந்தப் பனைக்கு அது நஞ்சு.

200க்குக் கீழே இருந்தால் தயக்கமின்றிப் பயன்படுத்துங்கள். 200 முதல் 400 வரை என்றால், பிறகு நான் சொல்லப்போகும் மாதாந்தரக் கழுவலை ஒழுங்காகச் செய்வதாக இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அதற்கு மேற்பட்ட நீர் மட்டுமே கிடைக்கும் வீடு என்றால், மழைநீரோ ஏ.சி. நீரோ சேமிக்க வழியிருக்கிறதா என்று பார்த்த பிறகே செடி வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

ஏ.சி. நீர் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டும் அந்த நீரில் உப்பு அநேகமாக இல்லை. என் மீட்டரில் அது 30ஐத் தாண்டியதில்லை. சென்னையின் புழுக்கத்தில் எங்கள் வீட்டு ஒன்றரை டன் ஏ.சி. ஓர் இரவில் அரை வாளிக்கு மேல் நிரப்புகிறது. செடிக்கு அதிகத் தண்ணீர் வேண்டியிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் ஏ.சி.யும் அதிகம் ஓடும் என்பது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: ஏ.சி.யை ரசாயனம் தெளித்து சர்வீஸ் செய்த அன்றும் மறுநாளும் சொட்டும் நீரைக் கொட்டிவிடுங்கள்.

2. பெயரை நம்பாமல் செடியைப் பார்த்து வாங்குங்கள்

"ரெட் பாம்" என்ற பெயரில் குறைந்தது நான்கு வகைச் செடிகள் விற்கப்படுகின்றன. புதுக்குருத்து மட்டும் சிவந்து வந்து, பிறகு பச்சையாகிவிடும் சாம்பேரோனியா ஒன்று. தண்டு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் அரேக்கா வெஸ்டியாரியா மற்றொன்று. இளமையில் இலைக்காம்பும் விளிம்பும் சிவந்து, விசிறி போல் விரியும் ரெட் லதானியா இன்னொன்று. இவற்றோடு, பனையே அல்லாத கார்டிலைனையும் அந்தப் பெயரில் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் அழகான செடிகள்தாம், ஆனால் நீங்கள் தேடுவது அவை அல்ல.

உண்மையான செடி குத்தாகப் பக்கக்கன்றுகள் விட்டு வளரும். இலை இறகு வடிவில் பிரிந்திருக்கும். இலையின் மேற்புறம் கரும்பச்சையாகவும் அடிப்புறம் சாம்பல் பூத்தாற்போலவும் தெரியும். காம்பும் தண்டைச் சுற்றியிருக்கும் உறையும் சிவந்திருக்கும். ஓரடிக் கன்றில் இந்தச் சிவப்பைத் தேடாதீர்கள்; அந்த வயதில் அது பச்சையும் பழுப்பும் கலந்த மங்கலான நிறத்தில்தான் இருக்கும். அதனால்தான் கன்றாக வாங்குவோர் ஏமாறுகிறார்கள். ஒரு தண்டிலேனும் சிவப்பு நன்றாகத் தெரியும் மூன்றடிச் செடியாகப் பார்த்து வாங்குவது, விலை கூடுதலாக இருந்தாலும், மிச்சமே.

விதை வாங்க வேண்டாம். இதன் விதை மிகச் சிறியது, காய்ந்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும், ஈரமாகக் கிடைத்தாலும் முளைக்கப் பல மாதங்கள் எடுக்கும், அதன் பிறகு நிறம் பார்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இணையத்தில் நீலப் பனை விதை, ஊதாப் பனை விதை என்று படம் போட்டு விற்கிறார்களே, அவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

3. எங்கே, எப்போது, என்ன ஆவணத்தோடு வாங்குவது

கேரளத்தின் ஈரக்காற்று இந்தப் பனைக்கு ஏற்றதாக இருப்பதால், திருச்சூருக்கு அருகில் நர்சரிகள் வரிசையாக இருக்கும் மண்ணுத்தியில் செடிகள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. மூன்று தண்டுகள் கொண்ட மூன்றடிச் செடியை அங்கே 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். அதே அளவுச் செடிக்குச் சென்னைப் புறநகரில் 3,200 கேட்டார்கள். இதற்கென்றே பயணம் செய்தால் அந்த வித்தியாசம் பயணச் செலவிலேயே போய்விடும் என்பதால், வேறு வேலையாகப் போகும்போது வாங்கிவருவதுதான் கணக்குக்கு ஒத்துவரும்.

வாங்க ஏற்ற காலம் ஜூலை இறுதி முதல் செப்டம்பர் வரை. சென்னையின் கடும் வெயில் தணிந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்கும். மார்ச் முதல் ஜூன் பாதி வரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். ரயிலில் கொண்டுவருவதானால் குளிர்சாதனப் பெட்டியின் வறண்ட குளிர்காற்று நேராகப் படாதபடி பழைய வேட்டியால் இலைகளைச் சுற்றி, வேர்ப்பகுதியை ஈரச்சாக்கில் கட்டிக்கொள்ளுங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். அதில் "பாம் செடி – 1" என்று எழுதித் தந்தால் ஏற்காமல், செடியின் பெயரையும் உயரத்தையும் எழுதச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்குவதானால், உங்களுக்கு அனுப்பப்போகும் அதே செடியின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பெட்டி வந்ததும், முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி வேர்ப்பகுதி வரை ஒரே வீடியோவாகப் பிரித்து எடுங்கள். ஒரு முறை குருத்து முறிந்த செடி வந்தபோது, பெட்டியைப் பிரித்த பின் எடுத்த படங்களை மட்டுமே நான் அனுப்பியதால், மாற்றுச் செடி தர மறுத்துவிட்டார்கள். மாற்றித் தரும் கெடு பல கடைகளில் ஓரிரு நாட்கள்தான் என்பதால், வெளியூர் போகும் வாரத்தில் ஆர்டர் செய்யாதீர்கள்.

மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் உறவினரிடம் பெட்டியில் ஒரு கன்று கொண்டுவரச் சொல்லலாமே என்று தோன்றும். வேண்டாம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி, வெளிநாட்டுச் செடிக்கு இங்கே முன்கூட்டியே பெற்ற இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டில் அளிக்கப்பட்ட தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இரண்டும் இல்லாமல் விமான நிலையத்தில் பிடிபட்டால் செடி போய்விடும். சங்கடப்பட்டு நிற்பவர் உங்கள் உறவினராக இருப்பார்.

4. தொட்டியும் எடையும்

இரட்டைத் தொட்டி முறையே எனக்குச் சரிப்பட்டது. அடியில் துளைகள் உள்ள 18 அங்குலப் பிளாஸ்டிக் தொட்டியில் செடி இருக்கும். துளையில்லாத 22 அங்குல டப்புக்குள் அந்தத் தொட்டி அமரும். டப்பில் இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்கும். செடியை நேராகத் துளையில்லாத டப்பில் நட்டால், பிற்பாடு உப்பைக் கழுவி வெளியேற்ற வழியே இருக்காது. தொட்டி 450, டப் 700 ரூபாய்.

சிமெண்ட் தொட்டி பார்வைக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் புதிய சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும் என்பதால், அமில மண்ணுக்குப் பழகிய இந்தச் செடிக்கு அது ஆகாது. மண் தொட்டியோ சென்னை வெயிலில் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டு, பக்கமெல்லாம் வெள்ளை பூத்துப்போகும்.

எல்லாம் நிரப்பித் தண்ணீரும் விட்ட பின் மொத்த எடை 70 கிலோவுக்குக் குறையாது. நிரப்பிய பிறகு தனியாக நகர்த்த முடியாது என்பதால், இடத்தை முடிவு செய்துவிட்டு அங்கேயே வைத்து நிரப்புங்கள். பால்கனியின் வெளி விளிம்பை ஒட்டி வைக்காமல் வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள். பொது மொட்டைமாடியில் வைப்பதானால் குடியிருப்போர் சங்கத்திடமும், வாடகை வீடென்றால் உரிமையாளரிடமும் எழுத்தில் அனுமதி பெறுங்கள். வாட்ஸ்அப்பில் "ஓகே" என்று வந்த ஒரு சொல்லை நம்பி நான் மாடியில் வைத்த தொட்டியை, செயலாளர் மாறிய மறுமாதமே நீர்க்கசிவைக் காரணம் காட்டி இறக்கச் சொன்னார்கள். இறக்க இரண்டு ஆட்கள், 600 ரூபாய் கூலி.

5. மண் கலவை

கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவு) மூன்று பங்கு, நன்றாக மக்கிய இலைமக்கோ மண்புழு உரமோ ஒரு பங்கு, பருமனான ஆற்று மணலும் கரித்துண்டுகளும் சேர்ந்து ஒரு பங்கு. தேங்காய் மட்டைத் துண்டுகள் கிடைத்தால் இரண்டு கைப்பிடி சேர்த்துக்கொள்ளலாம். எப்போதும் ஈரத்தில் இருக்கும் கலவை களிபோல் அமுங்கிவிடாமல் அவை காற்றுக்கு இடம் விடும். எம்.சாண்டில் இருக்கும் கல்தூள் இடைவெளிகளை அடைத்துவிடும் என்பதால் அதைத் தவிருங்கள். சாம்பல், சுண்ணாம்பு, முட்டை ஓடு மூன்றும் இந்தத் தொட்டியின் பக்கமே வரக்கூடாது.

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் கோகோபீட் கழுவுதல். கடலோரத் தென்னையின் நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும். ஐந்து கிலோக் கட்டியைப் பெரிய டிரம்மில் ஊறவைத்து, உதிர்ந்ததும் துணியில் பிழிந்து, வரும் நீரை மீட்டரில் அளந்து பாருங்கள். நான் முதல் முறை பிழிந்தபோது தேநீர் நிறத்தில் வடிந்த நீர் 1,900 காட்டியது. நான்காவது முறை அலசிய பிறகே அது 300க்குக் கீழே இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்கே போகும். உப்புக் குறைவானது என்று அச்சிட்ட கட்டியை வாங்கினாலும் ஒரு முறையேனும் பிழிந்து அளந்துவிடுங்கள்.

6. நடுதல்

கொண்டுவந்த செடியை அன்றே மாற்றி நடாமல், பத்து நாள் நிழலில் அதே பையில் வைத்திருங்கள். நடும்போது பையைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டு, வேர்ப்பந்தைக் கலைக்காமல் அப்படியே இறக்குங்கள். மற்றச் செடிகளுக்குச் செய்வது போல் சுற்றிய வேர்களைப் பிரித்துவிடுவதும் நறுக்குவதும் இங்கே உதவாது. தண்டின் அடி பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் இருக்கட்டும்.

முதல் மாதம் டப்பில் தண்ணீரைத் தேங்க விடாதீர்கள். மேலிருந்து ஊற்றி வடியவிட்டால் போதும். நீர் தேடி வேர் கீழே இறங்கட்டும். அதன் பிறகு ஓர் அங்குலத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம்.

7. தண்ணீர் தேக்குவதும் உப்பைக் கழுவுவதும்

செடி நீரை உறிஞ்சிக்கொள்ளும். நீரில் கரைந்த உப்பில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். டப்பிலிருந்து மேலேறும் ஈரம் மேல்மண்ணில் ஆவியாகும்போது மிச்ச உப்பும் மேலே வந்து படியும். மேலிருந்து ஊற்றாமல் கீழே மட்டும் நிரப்பிக்கொண்டே இருந்தால், சில மாதங்களில் உங்கள் தொட்டி மரக்காணத்து உப்பளத்தின் சின்னப் பாத்தியாகிவிடும். என் முதல் செடியின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பூஞ்சை என்று நினைத்து மஞ்சள்தூள் தூவியவன் நான்.

ஆகவே மாதம் ஒரு முறை, உள்தொட்டியை ஒருவர் உதவியோடு டப்பின் விளிம்பளவு தூக்கி, அடியில் இரண்டு செங்கல் வைத்து, டப்பிலுள்ள நீரை முழுவதும் அகற்றுங்கள். பிறகு மழைநீரையோ ஏ.சி. நீரையோ மேலிருந்து மெதுவாக, ஏறக்குறைய இரண்டு வாளி அளவுக்கு ஊற்றி வடியவிடுங்கள். வடியும் நீரை அளந்துகொண்டே இருங்கள். 500க்குக் கீழே வந்ததும் நிறுத்தலாம். ஒவ்வொரு முறையும் தூக்க முடியாதவர்கள் டப்பின் அடிப்பக்கத்தில் பிளம்பரைக் கொண்டு ஒரு சிறு குழாய் பொருத்திக்கொள்ளுங்கள். எனக்கு இந்த யோசனை இரண்டு ஆண்டு முதுகுவலிக்குப் பிறகுதான் வந்தது.

பருவமழைக் காலத்தில் செடியை மழைபடும் இடத்தில் வைத்திருந்தால் இந்த வேலையை வானமே செய்துவிடும். நிற்கும் நீரிலிருந்து அழுகல் வாடை வந்தாலோ கலவை கறுத்துக் குழைந்தாலோ கோகோபீட் மட்கிவிட்டது என்று பொருள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுக்கலவைக்கு மாற்றுங்கள்.

8. கொசு

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே டப் நீரை வாரம் ஒரு முறை, நாள் குறித்துக்கொண்டு, கொட்டிவிட்டு மாற்றுங்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பக்கங்களில் ஒட்டியிருந்து, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், பக்கங்களைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவது முக்கியம். தொட்டிக்கும் டப்புக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கொசுவலைத் துணியால் மூடிக் கயிறு கட்டுங்கள். பெரிய டப்பாக இருந்தால் நான்கைந்து கப்பி மீன்களை விடலாம். மாநகராட்சிப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து தேங்கிய நீரைச் சோதிக்கிறார்கள். புழு இருந்தால் அபராதமும் உண்டு.

9. வெயில், காற்று, உரம்

முதல் ஆண்டு காலை வெயில் மட்டும். அதற்குப் பின் நீர் நிற்கும் தொட்டியில் இருக்கும் செடி முழு வெயிலையும் தாங்கும். சிவப்பும் அப்போதுதான் கூடும். ஆனால் சென்னையில் வெயிலைவிடக் கொடியது ஏப்ரல் தொடங்கி வீசும் வறண்ட மேல்காற்று. மார்ச் இறுதியிலேயே மேற்குப் பக்கம் ஐம்பது சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள் (எனக்கு 360 ரூபாய்); அக்னி நட்சத்திரம் முடிந்து ஒரு மாதம் கழித்து எடுத்தால் போதும். இந்த வறட்சியில்தான் இலையின் அடியில் சிலந்திப் பேன் வரும். வாரம் இரு முறை இலையடியை நீரால் பீச்சிக் கழுவினாலே பெரும்பாலும் அடங்கிவிடும். டிசம்பர், ஜனவரிக் குளிர் சென்னையில் பொருட்டில்லை. பெங்களூரிலோ ஊட்டியிலோ இருப்பவர்கள் இந்தச் செடியை மறந்துவிடுவது நல்லது.

புயல் அறிவிப்பு வந்தால் மட்டைகளைத் தளர்வாகச் சேர்த்துக் கட்டி, ஆள் உதவியோடு தொட்டியைச் சுவர் மூலைக்கு நகர்த்துங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மூன்று நாள் தொட்டி விளிம்பு வரை நீர் நின்றது. செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டாமல் விட்ட இரண்டு மட்டைகளைக் காற்றுதான் கிழித்தது.

உரத்தைப் பொறுத்தவரை, மெதுவாகக் கரையும் உருண்டை உரத்தைப் பொட்டலத்தில் குறித்த அளவில் பாதி மட்டும் இடுங்கள்; உரமும் உப்புதான். அதன் பிறகு இலையைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். பழைய மட்டையின் ஓரம் மட்டும் அகலமாக மஞ்சளாகி நடு பச்சையாக இருந்தால் மெக்னீசியக் குறைவு. ஐந்து லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு போதும். பழைய மட்டையில் மஞ்சள் புள்ளிகள் தோன்றி நுனி காய்ந்தால் பொட்டாசியக் குறைவு. அந்த மட்டைகளை வெட்டாதீர்கள், செடி அவற்றிலிருந்துதான் பொட்டாசியத்தை எடுத்துப் புதுக்குருத்துக்குத் தருகிறது. புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை; பெரும்பாலும் நீர் காரமாக இருப்பதே காரணம். இ.டி.டி.ஏ. வகை இரும்பு கார மண்ணில் நிலைக்காது; இ.டி.டி.எச்.ஏ. என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.

பனைக்குத் தண்டுக்கு ஒரு குருத்துதான். உயரம் கூடிவிட்டது என்று நுனியை வெட்டினால் அந்தத் தண்டு அங்கேயே முடிந்தது.

10. மொத்தச் செலவும், பக்கக்கன்று பிரிப்பதும்

செடி 1,800, தொட்டியும் டப்பும் 1,150, கோகோபீட் கட்டி 220, மண்புழு உரம் 200, மணலும் கரியும் 150, மீட்டர் 250, உரம் 300, நிழல்வலை 360: ஆக 4,430 ரூபாய். கூலியையும் குழாய் வேலையையும் சேர்க்கவில்லை. ஆண்டுக்கு நான்கைந்து மட்டைக்கு மேல் என் செடி விட்டதில்லை; வேகமாக வளரும் செடி வேண்டுமென்றால் அரேக்கா பாம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் கன்று வெடித்ததும் அதைப் பிரித்து நண்பருக்குக் கொடுக்கக் கை அரிக்கும். கன்று முழங்கால் உயரம் வந்து, அதன் அடியில் சொந்த வேர் இறங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியும் வரை தொடாதீர்கள். வேர் வராத கன்றின் அடியில் ஈரமான தேங்காய் நாரை வைத்துப் பாலித்தீனால் சுற்றிக் கட்டினால் சில மாதங்களில் வேர் விடக்கூடும். பிரிப்பதை ஆகஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான கத்தியால் தாய்த் தண்டோடு சேரும் இடத்தில் மட்டும் அறுத்து, கன்றைச் சிறு தொட்டியில் நட்டு, மேலே பெரிய பாலித்தீன் பையைக் கவிழ்த்து ஆறு வாரம் நிழலில் வையுங்கள். நான் பிரித்த மூன்றில் ஒன்றுதான் பிழைத்தது. அதையும் ஏ.சி. நீர் பிடிக்க ஒரு வாளியோடு சேர்த்தே நண்பருக்குக் கொடுத்தேன்.